மார்க்கைக் குறைக்கச் சொன்னவர்

தொழிற்கல்வி மாணவிகளை ஆம்பூர் ஷூ கம்பெனிக்குப் பயிற்சிக்காக அழைத்துப்போனபோதுதான் அந்தப் பெண் தொழிலாளியைச் சந்தித்தேன். ஒல்லியான உடம்பு, தலையில் நீலத் தொப்பி. விரலில் காய்ந்த பசையை நகத்தால் உரித்துக்கொண்டே பேசினார்.

“சார், கடைசி மிஷின்ல இருக்கறது என் பொண்ணு. அதுக்கு மார்க் கம்மியா போடுங்க.”

“ஏம்மா, நல்லா தைக்கிறாளே!”

“அதான் சார் பயம். நல்லா தைக்குதுன்னு எழுதிட்டா இங்கியே எடுத்துக்குவாங்க. அவங்கப்பா காலேஜ் வேணாம்னுடுவாரு.”

சிரித்தேன், மடையன். என் மாணவி என்ற பெருமையில் ‘மிக நன்று’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

ஜூன் மாதம், கம்பெனி பஸ்ஸுக்கு அம்மாவும் மகளும் சேர்ந்து நின்றிருந்தார்கள். “வணக்கம் சார்” என்றாள் மகள், விரலில் பசையை உரித்துக்கொண்டே. அந்த அம்மா என் பக்கம் திரும்பவே இல்லை.