கூரை தொடாத சுவர்

மேர்சியின் காம்பராவுக்கும் தங்கம்மாவின் காம்பராவுக்கும் நடுவில் இருக்கும் சுவர் கூரை வரை போகாது. ஆள் உயரத்துக்கு மேல் கொஞ்சம் எழும்பி, அத்தோடு நின்றுவிடும். அதற்கு மேலே புகையும் பேச்சும் தாராளமாகப் போய் வரும். தங்கம்மா மிளகாய் வறுத்தால் மேர்சிக்குத் தும்மல் வரும். மேர்சியின் மகள் ரோஷானி இருமினால், "கொத்தமல்லி அவிச்சுக் குடு புள்ள" என்று அந்தப் பக்கத்திலிருந்து குரல் வரும். கரவனெல்லைக்கு மேலே அந்த ரப்பர் தோட்டத்தில், ஒற்றை அறைக் காம்பராக்கள் வரிசையாக ஒட்டி நிற்கும் பழைய லயத்தில் யாருக்கும் இது ஒரு விஷயமே இல்லை. மேர்சிக்கும் ஒரு காலத்தில் அப்படித்தான் இருந்தது.

அவளுக்குத் தோட்டத்துப் பிள்ளை மடுவத்தில், தாய்மார் வேலைக்குப் போன பிறகு கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிற வேலை. புருஷன் ரொபர்ட் கொழும்பில் ஒரு ஹார்ட்வெயார் கடையில் நிற்கிறான். மாதத்துக்கு ஒருமுறை வருவான், வந்தால் தூங்குவான். மேர்சி ஒரு வருஷமாக ஞாயிற்றுக்கிழமைகளில் வரக்காப்பொலவுக்கு பஸ் ஏறி உளவியல் டிப்ளோமா படித்தாள். பாஸானால் டவுனில் கன்னியாஸ்திரீகள் நடத்தும் சிறுவர் இல்லத்தில் வேலை தருவதாகச் சொல்லியிருந்தார்கள். தங்குவதற்கு ஓர் அறையும் உண்டு. அந்த அறையை ஒருமுறை போய்ப் பார்த்தாள். கதவைச் சாத்தியதும், வெளியே பேசிக்கொண்டிருந்த சிஸ்டரின் குரல் பட்டென்று நின்றுபோனது. அன்றிலிருந்து அவளுக்கு வேறு யோசனையே கிடையாது.

ஞாயிறுகளில் மடுவம் பூட்டியிருக்கும். அவள் படிக்கப் போன நாளெல்லாம் ரோஷானியை வைத்துக்கொண்டது தங்கம்மாதான்.

இறுதிப் பரீட்சைக்கு முந்திய போயா விடுமுறை நாளன்று காலையில் சுதர்ஷினியும் பஹ்மாவும் படிக்க வந்தார்கள். சுதர்ஷினி பக்கத்து டிவிஷனில் முன்பள்ளி டீச்சர். பஹ்மா டவுனில் பாமசியில் வேலை செய்பவள். சிங்களப் பள்ளிக்கூடத்தில் படித்தவள். வகுப்பில் சேர் சிங்களத்தில்தான் விளக்குவார். தமிழில் அச்சடித்த குறிப்பு, டியூட் ஒன்று கொடுத்திருந்தார்கள்; அதை வாசித்தால் தெரிந்ததும் மறந்துவிடும். ஆகவே பஹ்மா சேர் சொன்னதைச் சொல்வாள், சுதர்ஷினி அதற்கு உதாரணமாகத் தோட்டத்தில் ஓர் ஆளைப் பிடிப்பாள், மேர்சி அதைத் திருப்பித் திருப்பிச் சொல்லிப் பாடமாக்குவாள்.

"இடமாற்றல்னா என்னா, சொல்லுங்க பாப்போம்?" என்றாள் சுதர்ஷினி.

"தொர கங்காணிய ஏசுவாரு. கங்காணி நம்மள ஏசுவாரு. நாம வீட்டுக்கு வந்து நாய அடிப்போம்" என்றாள் மேர்சி.

"நாயி?"

"பூனைய வெரட்டும்."

"அல்லாவே, இத அப்படியே எழுதினா சேர் மார்க்ஸ் போடுவாரா?" என்று பஹ்மா டியூட்டால் முகத்தை மூடிக்கொண்டாள்.

அடுத்தது மறுத்தல். கண்ணெதிரே இருக்கிற உண்மையை மனசு ஏற்காமல் தள்ளிவிடுவது. மேர்சிக்கு உதாரணம் வரவில்லை.

"ஐயோ அக்கா, பக்கத்து வீட்டிலயே வச்சுக்கிட்டுத் தேடுறீங்களே!" என்றாள் சுதர்ஷினி. "தங்கம்மா அக்கா மகன் கட்டார் போனதுலருந்து அம்மாவுக்கு ஒரு கோல் எடுத்துப் பேசுறதில்ல. கேட்டா, அங்க சிக்னல் இல்லயாம். நம்ம மலையில இருக்கு, கட்டார்ல இல்ல!"

மேர்சிக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்போடு அவளும் சொன்னாள்: "தினேஷ் பேஸ்புக்ல தன் கல்யாணப் போட்டோ போட்டிருந்தான். கொண்டுபோய்க் காட்டுறேன், இது தினேஷ் மாதிரி வேற யாரோன்றாங்க. பெத்த மகனயே!"

சுவருக்கு மேலாக ஒரு செருமல் கேட்டது.

மேர்சி வாசலைப் பார்த்தாள். வாசல் திண்ணையான இஸ்தோப்பில் ரோஷானி ஈரத்தில் கால் வைத்து விளையாடிக்கொண்டிருந்தாள். விடியற்காலையில் மழை பெய்திருந்தது. போயாவிலும் தோட்டத்தில் வேலை உண்டு; ஆனால் மரம் நனைந்தால் பால் வெட்டு இல்லை. பிரட்டுக்களத்துக்குப் பேர் கொடுக்கப் போனவர்கள் திரும்பி வந்துவிடுவார்கள். லயத்தில் பிறந்த குழந்தைக்கும் தெரிகிற காரியம். மழையைப் பார்த்து, பஹ்மாவுக்கு பஸ் வருமோ என்று கவலைப்பட்டாளே தவிர, வெட்டுக்குப் போன தங்கம்மா பக்கத்துக் காம்பராவுக்குத் திரும்பியிருப்பாள் என்பது மேர்சிக்குத் தோன்றவில்லை.

சாயங்காலம் ஒரு தட்டில் ரொட்டியும் சம்பலும் எடுத்துக்கொண்டு போனாள். "அக்கா, காலையில நாங்க பேசினது..."

"என்னத்த பேசினீங்க?" தங்கம்மா தட்டை வாங்கி மூடி வைத்தாள். "நான் தலவலின்னு படுத்துத் தூங்கிட்டேன். ஒண்ணும் கேக்கல."

"இல்லக்கா, நான்தான்..."

"கேக்கலன்றேன்ல. அப்புறம் புள்ள, வர ஞாயித்துக்கிழம ரோஷானிய பாத்துக்க முடியாது போல. கோயில்ல வேல இருக்கு."

கேட்காத ஒன்றுக்கு எப்படி மன்னிப்புக் கேட்பது? மேர்சி வெறுங்கையோடு திரும்பினாள். அந்த ஞாயிறுதான் பரீட்சை.

ரொபர்ட்டுக்குப் போன் போட்டாள். "லீவு தர மாட்டாங்க மேர்சி. அடுத்த வருஷம் எழுதேன்" என்றான், பஸ் தவறிவிட்டால் அடுத்த பஸ்ஸில் வா என்பதைப் போல. சுதர்ஷினியின் அம்மாவுக்கு ஞாயிறும் பால் வெட்டு. பஹ்மாவின் உம்மா கால் முறிந்து படுத்திருந்தார். பரீட்சை மண்டபத்தில் பிள்ளைகளுக்கு இடமில்லை என்று முன்பே சொல்லியிருந்தார்கள். ஊரான் பிள்ளைகளையெல்லாம் பார்த்துக்கொள்கிறவளுக்குத் தன் பிள்ளையை ஒரு பகல் விட்டுப்போக இடமில்லை. டியூட்டைத் திறந்தால் எழுத்து ஓடவில்லை. கண் சுவருக்கு மேலே அந்த இருட்டு இடைவெளிக்கே போனது.

வெள்ளிக்கிழமை பொழுதுசாய, அவள் சோறு ஆக்கிக்கொண்டிருந்தபோது அந்தப் பக்கத்திலிருந்து தங்கம்மாவின் குரல் உரக்கக் கேட்டது.

"ஹலோ தம்பி! ஆமாய்யா, கேக்குது. சாப்டியா? அங்க வெயிலா?"

போன் அடித்த சத்தம் எதுவும் இல்லை. தங்கம்மாவின் தங்கச்சி பேசினால் இரண்டு பேர் குரலும் இந்தப் பக்கம் வரும். இப்போது ஒரு குரல்தான். தங்கம்மா நிறுத்துகிற இடத்திலெல்லாம் மேர்சியின் பானைதான் கொதித்தது.

"அம்மா, யாரு பேசுறா?" என்றாள் ரோஷானி.

மேர்சி அகப்பையைப் பிடித்தபடி நின்றாள். பிறகு, சுவரைத் தாண்டிப் போகிற அளவுக்குச் சொன்னாள்: "கட்டார்லருந்து தினேஷ் மாமா பேசுறாரு. சத்தம் போடாத."

அந்தப் பக்கம் சட்டென்று அமைதியானது. மேர்சி சோற்றை இறக்கி வைத்துவிட்டு இஸ்தோப்புக்கு வந்தாள். தங்கம்மா போனைக் கையில் வைத்துக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள்.

"தம்பியா பேசுனாரு அக்கா?"

"ஆமா புள்ள. இப்பத்தான் சிக்னல் கெடச்சுச்சாம்."

"நல்லா இருக்காரா?"

"நல்லா இருக்கான். அந்தக் கல்யாணம் அவன் கூட்டாளிக்காம். இவன் மாப்பிள்ளத் தோழனாம்." தங்கம்மா நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தாள்.

"நானும் போட்டோவ சரியாப் பாக்கலக்கா" என்றாள் மேர்சி.

தங்கம்மா போனை இடுப்பில் செருகினாள். "ஞாயித்துக்கிழம திரும்பவும் கோல் எடுக்கறேன்னான். நான் வீட்டுலதான் இருப்பேன். புள்ளய விட்டுட்டுப் போ."

வரக்காப்பொலவில் மூவருக்கும் வேறு வேறு வரிசை. வினாத்தாளின் இரண்டாம் பக்கத்தில் அந்தக் கேள்வி கிடந்தது. மறுத்தல் என்றால் என்ன? நீங்கள் வாழும் சூழலிலிருந்து ஓர் உதாரணத்துடன் விளக்குக. முன் வரிசையில் சுதர்ஷினி குனிந்து மடமடவென்று எழுதிக்கொண்டிருந்தாள். மேர்சி 'ஒரு தாய்' என்று எழுதினாள். பேனை அங்கேயே நின்றது. அதை வெட்டிவிட்டு, டியூட்டில் இருந்த ஆளையே எழுதினாள்: டாக்டர் சொல்லியும் சிகரெட்டால் தனக்கு ஒன்றும் ஆகாது என்று சொல்கிறவன். அவன் அவள் சூழலில் வாழ்கிறவன் அல்ல. அதற்கு மார்க்ஸ் குறையும் என்று தெரிந்தேதான் எழுதினாள்.

திரும்பி வந்தபோது தங்கம்மா ரோஷானிக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தாள். கண் எடுக்காமலே கேட்டாள்: "நம்ம லயத்துக் கத ஏதும் வந்துச்சா பரீட்சயில?"

"இல்லக்கா. சிகரெட் குடிக்கிற ஆளு ஒருத்தன் வந்தான்."

"சிகரெட்டா? அதுக்கா இம்புட்டுப் படிப்பு!" தங்கம்மா சிரித்தாள். பின்னலை முடித்து ரிப்பன் கட்டினாள்.

"தம்பி கோல் எடுத்தாரா?"

"எடுத்தான். ஒன்னயும் வெசாரிச்சான்."

ரிசல்ட் இன்னும் வரவில்லை. ஞாயிறு பொழுதுசாய்ந்தால் தங்கம்மாவின் குரல் சுவருக்கு மேலே உயரும். மேர்சி ரோஷானியை அதட்டி அடக்குவாள். சமையல் சட்டியைக்கூடச் சத்தமில்லாமல் வைப்பாள். அந்தப் பக்கம் பேச்சு நிற்கிற இடங்களில், வெளியே போய் இன்றைக்கு என்ன கேட்பது என்று யோசித்து வைத்துக்கொள்வாள்.