அருள் அண்ணன் சொல்லாத ஒரு சொல்

தஞ்சோங் பகார் நிலையத்தில் ரயிலுக்குக் காத்திருந்தபோது முருகேசன் அழைத்தார். "அக்கா, அருள் அண்ணன் போயிட்டாங்க."

"எங்க?" என்று கேட்டேன்.

"மாரடைப்பு அக்கா. காலையில."

இரண்டு ரயில்களை விட்டுவிட்டு அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.

அருள் அண்ணன் கழிவுநீர்க் குழாய்களை வடிவமைக்கும் பொறியாளர். யாழ்ப்பாண வழி வந்த குடும்பம். பிறந்து வளர்ந்ததெல்லாம் சிங்கப்பூர் குவீன்ஸ்டவுனில். விடுமுறை நாட்களில், இங்கே வேலை செய்யும் தமிழ்நாட்டுத் தொழிலாளர்களின் ஊர்களில் கழிப்பறை கட்ட உதவும் சிறு குழு ஒன்றை நடத்தி வந்தார். அறிவிப்புகளுக்குத் தமிழ் எழுத ஆள் வேண்டுமென்று என்னைச் சேர்த்துக்கொண்டார். 'திறந்தவெளியில் மலம் கழித்தலைத் தவிர்ப்போம்' என்று முதல் நாள் எழுதிக் கொடுத்தேன். உரக்கப் படித்துவிட்டுச் சிரித்தார்.

"யாருக்கும்மா இது, செய்தி வாசிக்கிறவங்களுக்கா? அங்க யாரும் மலம் கழிக்கறதில்ல லா. வெளிக்குத்தான் போறாங்க." சிங்கப்பூர்ப் பேச்சின் அந்த 'லா' அவர் வாயை விட்டுப் போனதே இல்லை.

முருகேசன் கப்பல் பட்டறையில் வேலை செய்பவர். என்னைவிட மூத்தவர் என்றாலும் அக்கா என்றுதான் கூப்பிடுவார். ஊரில் அவர் மனைவி செல்வியும் அப்பாவும் இருக்கும் வீட்டில் கட்டிய கழிப்பறைக்கு இரண்டு குழிகள். ஒன்று நிறைந்ததும் அதை மூடிவிட்டு அடுத்ததைப் பயன்படுத்த வேண்டும். மூடிய குழியில் இருப்பது காலப்போக்கில் மண்ணாகிவிடும். ஆனால் அவருடைய அப்பா கழிப்பறையைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார். குழி நிறைந்தால் யார் அள்ளுவது என்பதுதான் அவர் கேள்வி. அள்ளுகிறவர்கள் என்று அந்த ஊர் ஒதுக்கி வைத்த சிலர் தெருக்கோடிக்கு அப்பால் இருந்தார்கள். அவர்களை வீட்டுக்குள் விட அவருக்கு மனமில்லை.

ஆண்டிறுதி விடுமுறையில் அண்ணனும் நானும் அங்கே போனோம். ஊர்ப் பள்ளியில் நெடுநாளாக மூடிக் கிடந்த குழியைத் திறக்கச் சொன்னார். எல்லாரும் பார்க்க வெறுங்கையால் அள்ளினார். கறுப்பாக, உதிரியாக, ஈர வாடைகூட இல்லாமல் இருந்தது. "பாருங்க, தோட்டத்து மண்ணு. யார் வேணா அள்ளலாம்."

யாரும் மண்ணைப் பார்க்கவில்லை. முருகேசனின் அப்பாதான் மெல்லக் கேட்டார்: "தம்பி என்ன ஆளுக?"

"சிங்கப்பூர் ஆளுங்க."

"அது தெரியுது. அதுக்கு முன்னாடி?"

"அதுக்கு முன்னாடியும் சிங்கப்பூர்தான் லா," என்று அண்ணன் சிரித்தார். வேறு யாரும் சிரிக்கவில்லை. எனக்கு எவர்சில்வர் டம்ளரிலும் அவருக்குப் பேப்பர் கப்பிலும் டீ வந்தது. அண்ணன் அதைக் குடித்துவிட்டு, நன்றாக இருக்கிறது என்று இன்னொரு கப் கேட்டு வாங்கினார்.

திரும்பி வந்த பிறகு ஒரு ஞாயிறு மாலை தேக்கா சந்தையின் தேநீர்க் கடையில் முருகேசன் எங்களைப் பிடித்துக்கொண்டார்.

"அண்ணே, மண்ணு அள்ளுனதால நீங்க அந்த ஆளுங்கன்னு ஊரே பேசுது. அப்பா பூட்டைத் தொடவே விடமாட்டேங்கிறாரு. செல்வி முழுகாம இருக்கா. இருட்டுல போயி வரப்புல வழுக்கி விழுந்துட்டா. நீங்க என்ன ஆளுன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, பூட்டு திறந்திடும்."

"திறந்திடும் தம்பி. என் கை சுத்தம்னு திறப்பாங்க, மண்ணு சுத்தம்னு இல்ல. அப்புறம் குழி நிறைஞ்சா யாரைக் கூப்பிடுவாங்க?"

"அது அப்புறம் அண்ணே! இப்ப என் பொண்டாட்டி விழுந்து கிடக்கா."

முருகேசன் தேநீரை அப்படியே வைத்துவிட்டுப் போனார். அன்று பேருந்தில் அண்ணன் சரி என்று நினைத்தேன். வீட்டுக்கு வந்ததும் முருகேசன் சரி என்று தோன்றியது. அண்ணனிடமே கேட்டேன். "எனக்கும் தூக்கம் வரல," என்று மட்டும் சொன்னார். அதன் பிறகு முருகேசனின் அப்பாவிடம் பலமுறை தொலைபேசியில் பேசினார். எல்லாம் பேசினார், அந்த ஒரு சொல்லைத் தவிர.

மண்டாயில் தகனம் முடிந்ததும் முருகேசன் என்னோடு பேருந்து நிறுத்தம்வரை நடந்து வந்தார்.

"நேத்தே ஊருக்குப் போன் பண்ணேன் அக்கா. அண்ணன் என்ன ஆளுன்னு அப்பாகிட்ட சொல்லிட்டேன்."

"உங்களுக்கு யார் சொன்னாங்க?"

"யாரும் சொல்லல. நானே ஒண்ணு சொன்னேன். எங்களைவிட மேல." அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "அப்பா அழுதுட்டாரு. அப்பேர்ப்பட்டவருக்கா பேப்பர் கப்புல கொடுத்தோம்னு. காலையில பூட்டைத் திறந்து விட்டிருக்காரு. செல்வி இன்னைக்கு வெளிய போகல."

திட்ட வேண்டும் என்று வாயைத் திறந்தேன். "செல்வி எப்படி இருக்காங்க?" என்றுதான் வந்தது.

"நல்லா இருக்கா அக்கா," என்றவர் அப்போதுதான் உடைந்து அழுதார்.

அண்ணே, செல்வி இனி இருட்டில் வரப்பில் நடக்க வேண்டியதில்லை. அதற்காகத்தான் நீங்கள் அவ்வளவு தூரம் வந்தீர்கள். உங்களுக்கு நல்ல செய்தி சொல்கிறேனா, உங்களைக் காட்டிக்கொடுத்ததைச் சொல்கிறேனா என்று எனக்கே விளங்கவில்லை. அந்த ஊர் இப்போது உங்களை மதிக்கிறது. யாரை மதிக்கிறது என்றுதான் தெரியவில்லை. போய் வாருங்கள்.