மஞ்சள் துண்டின் சாட்சி

காத்துக்காரர் என்று அவருக்குப் பெயர் விழுந்து நாலு வருஷம் ஆகிறது. அதற்கு முன் வெறும் மருந்தடிக்கிறவர்தான். டிராக்டருக்குப் பின்னால் டேங்கை மாட்டிக்கொண்டு, கூப்பிட்டவர் வயலுக்கெல்லாம் போய்ப் பூச்சிமருந்து தெளித்துவிட்டு வருவார்.

பிறகுதான் அந்தச் சட்டம் வந்தது. காற்று பலமாக வீசும்போது மருந்து அடித்தால் அது ஓடைக்கும் தேன்பெட்டிகளுக்கும் பறந்து போகிறது; ஆகவே, குறிப்பிட்ட வேகத்துக்கு மேல் காற்றடித்தால் டேங்கை வெளியே எடுக்கக் கூடாது, தினமும் வேகத்தை நோட்டில் எழுத வேண்டும். மற்றவர்கள் முணுமுணுத்தார்கள். இவர் மட்டும் சட்டம் அச்சடித்த தாளைத் தனக்கே வந்த கடிதம் போல மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். வயல்காரர்கள் கெஞ்சினாலும் "காத்து சரியில்ல" என்று வண்டியைத் திருப்பிவிடுவார்.

லைசென்ஸைப் புதுப்பிக்கும் நாள் வந்தது. அது கிடைக்காவிட்டால் டேங்கை இரும்புக்கடையில் போட வேண்டியதுதான். சோதனைக்கு வந்த அதிகாரி இளம்பெண். சமையலறை மேஜையில் உட்கார்ந்து நோட்டைப் புரட்டியவர், மூன்றாம் பக்கத்தில் நின்றுவிட்டார்.

காற்றின் வேகம் என்ற கட்டத்தில் எண்ணே இல்லை. 'துண்டின் முனை ஆடியது. அடித்தேன்.' அடுத்த நாள், 'துண்டு படபடத்தது. அடிக்கவில்லை.' நாலு வருஷமும் இப்படியே.

"ஐயா, இது என்ன துண்டு?"

அவர் பெருமையோடு ஜன்னலைக் காட்டினார். கொல்லையில் துணிக்கொடி, அதன் ஓரத்தில் ஒரு மஞ்சள் துண்டு. காற்றளக்கும் கருவி கடையில் தீர்ந்துபோயிருந்த சமயத்தில் தாமே கண்டுபிடித்த வழி என்று விளக்கினார்.

அதிகாரி சிரிக்கவில்லை. "காலையில துவைச்ச துணி ஈரமா கனமா இருக்குமே. காத்து அடிச்சாலும் ஆடாதே?"

அவர் மறுபடியும் ஜன்னல் வழியே துண்டைப் பார்த்தார். இது ஒரு நாளும் தோன்றவில்லையே. மருந்தடிப்பதெல்லாம் காலையில்தான். ஓடைக்கு அப்பாலிருக்கும் தேன்பெட்டிகள் வரிசையாக நினைவுக்கு வந்தன. இத்தனை நாளும் நல்லவன் என்று நம்மை நாமே ஏமாற்றிக்கொண்டு திரிந்தோமா?

அடுப்படியில் நின்றிருந்த மனைவி திரும்பாமலே சொன்னாள்: "அது ஈரமே ஆகாது மேடம். துவைச்சாத்தானே?"

சட்டம் வந்த முதல் வாரம், கொடியில் ஆடாமல் தொங்கிய ஈரப் போர்வையைப் பார்த்துவிட்டு, காற்றே இல்லை என்று இவர் சந்தோஷமாகக் கிளம்பியதை அவள் பார்த்திருக்கிறாள். மறுநாளிலிருந்து விடியும் முன்பே காய்ந்த துண்டு ஒன்றைக் கொடியின் ஓரத்தில் மாட்டத் தொடங்கினாள்.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?" என்றார் அவர்.

"சொன்னா ஒத்துக்கவா போறீங்க? மதியம் வரைக்கும் வாதாடியிருப்பீங்க."

குளிக்கப் போகும்போதெல்லாம் அந்தத் துண்டு கேட்டு, கிடைக்காமல், அவர் சண்டை போட்டது கொஞ்சநஞ்சமல்ல.

மூவரும் கொல்லைக்குப் போனார்கள். அதிகாரி தான் கொண்டுவந்த கருவியை நீட்டிக்கொண்டு காற்றுக்காகக் காத்து நின்றார். துண்டின் முனை ஆடியபோது வேகம் சட்ட அளவுக்குள். படபடத்தபோது அளவைத் தாண்டியிருந்தது. பிறகு, காத்துக்காரர் அடிக்காமல் விட்ட நாட்களை வானிலை நிலையத்தின் பதிவோடு ஒப்பிட்டார். ஒன்றுகூடப் பிசகவில்லை.

லைசென்ஸ் கிடைத்தது. கூடவே ஒரு நிபந்தனை: ஒரு வாரத்துக்குள் கருவி வாங்க வேண்டும், இனிமேல் எண்தான் எழுத வேண்டும்.

கருவி வந்த மறுநாள் காலை அவர் அதை உயர்த்திப் பிடித்தார். ஒன்பது என்று காட்டியது. தாராளமாக அடிக்கலாம். இருந்தாலும் கண் தானாகக் கொடிக்குப் போனது. ஓரம் காலியாக இருந்தது.

"துண்டு எங்க?"

"ஊறிட்டிருக்கு. நாலு வருஷ அழுக்கு."

அவர் டிராக்டர் மேல் ஏறினார், யோசித்தார், இறங்கிவிட்டார். அன்று பதினோரு மணிக்குத்தான் வண்டி கிளம்பியது. வேகம் என்ற கட்டத்தில் எண்ணை ஒழுங்காக எழுதியவர், தாமதத்துக்குக் காரணம் என்ற இடத்தில் எழுதினார்: 'துண்டு காயவில்லை.'