இறுதியாட்டத்துக்கு ஒரு ஸ்பிலிட்டர்

என் மனைவிக்குக் காது மந்தம். அவளுக்குக் கேட்கும்படி தொலைக்காட்சியின் சத்தத்தை ஏற்றினால், சுங்கை காடுட் தொழிற்சாலையில் இரவு ஷிப்ட் முடித்துத் தூங்கும் பக்கத்து வீட்டு இளைஞர் எழுந்துவிடுவார். ஹெட்போனைச் செருகினால் தொலைக்காட்சி வாயை மூடிக்கொள்ளும். பிறகு நான் மீன்தொட்டியைப் பார்ப்பதுபோல் உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

"நீங்க பாருங்க, எனக்கு வேல இருக்கு" என்று பூப்பந்து அரையிறுதியின் பாதியில் அவள் எழுந்து போய்விட்டாள். லிங்கி எஸ்டேட்டில் கணக்கெழுதும் கிராணியின் வீட்டுக்குப் பின்னாலிருந்த மண் கோர்ட்டில் ஆண்களை மூச்சிரைக்க விட்டவள். நடுவரோடு அவள் போடும் சண்டை இல்லாத ஆட்டம் சுற்றறிக்கை வாசிப்பதைப் போன்றது. சுற்றறிக்கை எழுதியே ஓய்வு பெற்றவன் சொல்கிறேன்.

இறுதியாட்டத்துக்கு முதல் நாள் புளூடூத் ஹெட்போன் வாங்கினேன். கையேட்டை அட்டை முதல் அட்டை வரை படித்து, தொலைக்காட்சி, ஹெட்போன் இரண்டிலும் சத்தம் வரவழைத்தேன்.

"என்னங்க இது, பந்து விழுந்தப்புறம் அடிக்கிற சத்தம் கேக்குது."

"வயர் இல்லன்னா கொஞ்சம் லேட்டாத்தான் வரும்."

"கொஞ்சமா? உங்க பழைய ஆபீஸ் மாதிரிலா இருக்கு."

மறுநாள் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு செனாவாங் கடைக்குப் பறந்தேன். ஒரு சத்தத்தை இரண்டாகப் பிரிக்கும் ஸ்பிலிட்டர் கேட்டேன். கடைக்காரர் நீட்டியதில் ஒரு துளை மைக்குக்கானது. இரண்டு வகையும் பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். திருப்பிக் கொடுத்து, இரண்டு துளையும் ஹெட்போனுக்கானதைத் தேடி எடுக்க வைத்தேன். அவர் முகத்தில் மகிழ்ச்சியில்லை.

வீடு திரும்பும்போது முதல் செட் போயிருந்தது, நம் ஆள் தோற்றிருந்தார். ஸ்பிலிட்டரைத் தொலைக்காட்சியில் செருகி, ஒரு துளையில் அவளுடைய வயர் ஹெட்போனையும் மறு துளையில் கணினியின் சின்ன ஸ்பீக்கரையும் மாட்டினேன். ஸ்பீக்கர் அலறியது. பதறி ரிமோட்டில் குறைத்தேன்.

"போச்சு, ஒண்ணும் கேக்கல."

பிரித்தாலும் அளவு ஒன்றுதானே. ரிமோட்டில் மறுபடி ஏற்றிவிட்டு, ஸ்பீக்கரின் சொந்தத் திருகைக் குறைத்தேன். அவளுக்கு மழை, எனக்குத் தூறல். அடி விழும் அதே நொடியில் இருவர் தலையும் திரும்பியது.

மூன்றாவது செட், இருபதுக்கு இருபது. கோட்டருகே பந்து விழுந்தது. வெளியே என்றார் நடுவர்.

"லைன்லதான்டா விழுந்துச்சு! கண்ணு பொட்டையா ஒனக்கு?"

காதை அடைத்திருந்ததால் தன் குரல் எவ்வளவு பெரியது என்பது அவளுக்குத் தெரியவில்லை. தெருவுக்கே தெரிந்தது. கொஞ்ச நேரத்தில் இரும்புக் கதவருகே பக்கத்து வீட்டு இளைஞர், இடுப்பில் சாரமும் கலைந்த தலையுமாக நின்றார். மன்னிப்புக்கான வாசகம் என்னிடம் தயாராகவே இருந்தது.

"அங்கிள், ஆண்ட்டி சத்தத்துல தூங்க முடியலலா" என்றார். "யாரு முன்னுக்கு?"

கதவைத் திறந்தேன். அவள் திரும்பவேயில்லை.

"உக்காரு தம்பி, மறைக்காத."