ஒரு குருவியும் கத்தாத காலை

காலை ஏழு மணிக்கு மகள் போனில் அழைத்தாள். கல்லூரியில் படிக்கும் அவள், பறவைகளை எண்ணிச் செயலியில் பதியும் தன்னார்வலர்களில் ஒருத்தி. அன்று போடிமெட்டு அருகே ஓர் ஏலக்காய்த் தோட்டத்துக்குத் தனியாகப் போயிருந்தாள்.

"தோட்டத்து வீடுங்க பக்கம் எப்பவும் சிட்டுக்குருவி கத்தும்ப்பா. இன்னிக்குச் சத்தமே இல்ல. சைபர்னு போட்டுட்டு வர்றேன்."

"முட்டை போடவா இம்புட்டுத் தூரம் ஜீப்புல போன? தோட்டத்துக்குள்ள தள்ளிப் போய்ப் பாரு ஆத்தா," என்று சிரித்தேன்.

அதன்பின் அவள் போனை எடுக்கவில்லை. விடாமல் அழைத்துக்கொண்டே நானும் ஜீப் பிடித்து மேலே போனேன். தோட்டத்து வாசலில் இறங்கியதும் பூச்சிமருந்து நெடி தொண்டையை அடைத்தது. ஏலச்செடிகள் ஈரமாக நின்றன. ஒரு காக்கைகூடக் கரையவில்லை.

செடிகளுக்குள்ளிருந்து தோட்டத்தில் வேலை செய்யும் இரண்டு பெண்கள் அவளைத் தாங்கிக்கொண்டு வந்தார்கள். உடையெல்லாம் வாந்தி.

"விடியக்கால மருந்தடிச்ச காடுண்ணே. நாங்களே இன்னிக்குச் சோலிக்கு இறங்கல. உள்ள போன் அடிச்சுக்கிட்டே கெடந்துச்சு, அதக் கேட்டுத்தான் போய்ப் பாத்தோம். வெரசா ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க," என்றார் மூத்தவர்.

ஜீப்பில் என் மடியில் கிடந்தபடி மகள் முனகினாள்: "சைபர்தான்ப்பா சரி."

மருத்துவமனையில் தங்கித் தேறிவிட்டாள். இன்றும் எண்ணப் போகிறாள், துணையோடு. பறவையே இல்லை என்று அவள் சொன்னால், அதை அப்படியே பதிந்துவிட்டு உடனே வெளியே வரச் சொல்கிறேன். வந்து சேரும்வரை போனை வைப்பதில்லை.