மூன்றாம் வரியில் அக்கா

பத்தாம் வகுப்புத் தேர்வு நெருங்கினால் பர்மாவில், தாமுவேயில் இருந்த எங்கள் தெரு முழுவதும் முனகத் தொடங்கிவிடும். அங்கே பிள்ளைகள் மனத்துக்குள் படிப்பதில்லை. வாய்விட்டுப் படித்தால்தான் அது படிப்பு. ஒவ்வொரு மாடியிலிருந்தும் ஒரு பாடம் இறங்கி வரும். எதிர் வீட்டுப் பையனின் வேதியியலும் எங்கள் மூன்றாம் மாடியிலிருந்து என் அக்காவின் இயற்பியலும் நடுத்தெருவில் மோதிக்கொள்ளும். எனக்கு அப்போது எட்டு வயது. அர்த்தம் ஒன்றும் தெரியாமலேயே ஒளிவிலகல் விதியை அவள் சொல்லும் அதே ராகத்தில் ஒப்பித்தபடி பாண்டி ஆடியிருக்கிறேன்.

அப்பா பசுந்தாங்கில் ஒரு பருப்புக் கிடங்கில் எடை போடுபவர். பெரியப்பா லான்மடாவில் பருப்பு வியாபாரி. இருவரும் ஒரே தகப்பன் பிள்ளைகள்தான். ரயில்வேயில் வேலை பார்த்த எங்கள் தாத்தா இரண்டு பேருக்கும் சமமாக ஒன்றுமே விட்டுச் செல்லவில்லை. பெரியப்பாவுக்கு எங்கே எப்போது யாரைப் போய்ப் பார்க்க வேண்டும் என்று தெரியும். அப்பாவுக்கு மூட்டையைத் தூக்கிப் பார்த்தே எடை சொல்லத் தெரியும். அவ்வளவுதான் வித்தியாசம் என்று அம்மா சொல்வாள்.

பெரியப்பா மகளும் அந்த வருடம் பத்தாம் வகுப்பு; அங்கே பள்ளிப்படிப்பு அதோடு முடிகிறது. அவளுக்கு வீட்டுக்கே வந்து சொல்லித்தர ஓர் ஆசிரியர் இருந்தார். அங்கே அதற்குக் 'கைடு' என்று பெயர். தனியாக உட்கார்ந்தால் அவளுக்குத் தூக்கம் வருகிறதென்று, துணைக்கு என் அக்காவையும் சனி ஞாயிறுகளில் வரச் சொன்னார் பெரியப்பா. ஆசிரியர் பெரியப்பா மகளைப் பார்த்துப் பாடம் நடத்துவார். புரிந்துகொள்ளும் வேலையை என் அக்கா செய்வாள். நான் ஒன்றிரண்டு முறை கூடப் போயிருக்கிறேன். அங்கே காற்றாடிக்குக் கீழே உட்கார்ந்து இலந்தைப்பழ மிட்டாய் சாப்பிடலாம் என்பது அந்தக் கல்வியில் எனக்குக் கிடைத்த பங்கு.

முடிவு வந்த அன்று காலையில் நல்ல மழை. சிறப்புத் தேர்ச்சி பெற்றவர்களின் பெயர்களைப் பள்ளியில் ஒலிபெருக்கியில் வாசித்தார்கள். எங்கள் எல்லோருக்குமே வீட்டில் ஒரு பெயர், பள்ளிக்கூடத்தில் ஒரு பர்மியப் பெயர். முதல் பெயராக அக்காவின் பர்மியப் பெயரைச் சொன்னபோது, அம்மா குடைக்குள்ளிருந்து, "யாரு பெத்த புள்ளையோ, நல்லா இருக்கட்டும்" என்றாள். அப்பா அவள் தோளைத் தொட்டு, "நம்ம புள்ளதான்" என்றார். ஐந்து பாடத்தில் சிறப்புத் தேர்ச்சி. அஞ்சு டி. பெரியப்பா மகளும் தேறியிருந்தாள், டி ஒன்றும் இல்லாமல். அதற்காக அவள் கொஞ்சமும் வருத்தப்படவில்லை. அன்று மத்தியானமே லான்மடாவிலிருந்து ஒரு தேக்சா பிரியாணி வந்தது. இரண்டு பேருக்கும் சேர்த்துப் பெரியப்பா கொடுத்த விருந்து.

கீழ்வீட்டுப் பர்மியம்மா அன்றிலிருந்தே அக்காவை 'டாக்டர்மா' என்று கூப்பிட ஆரம்பித்தார். தெருவும் அதைப் பிடித்துக்கொண்டது. அக்கா வெட்கப்பட்டு மறுப்பாள். ஆனால் மறுக்கும்போது நடை கொஞ்சம் மெதுவாகும். இன்னொரு முறை யாராவது கூப்பிடட்டுமே என்பதுபோல.

கல்லூரிக்கு விண்ணப்பம் கொடுக்க அப்பாவும் அக்காவும் போனபோது என்னையும் கூட்டிக்கொண்டு போனார்கள். அக்காவின் வகுப்பு ஆசிரியை, சயாமா என்று நாங்கள் கூப்பிடுபவர், எங்களை உட்கார வைத்தார். படிவத்தின் முதல் கட்டத்தில் மருத்துவம் என்று அக்கா அழகாக எழுதியிருந்தாள். சயாமா அப்பாவின் குடியுரிமை அட்டையைக் கேட்டார். அப்பா பாலித்தீன் உறையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். பச்சை நிற அட்டை. சயாமா அதை வாங்கி முன்னும் பின்னும் பார்த்தார். மறுபடியும் முன்னால் திருப்பி, இனம் என்ற வரியில் கட்டைவிரலை வைத்தபடி உட்கார்ந்திருந்தார்.

"வேற அட்டை இல்லையா?" என்று பர்மியத்தில் மெதுவாகக் கேட்டார்.

"இல்லைங்க சயாமா. நான் இங்கதான் பிறந்தேன். எங்கப்பாவும் இங்கதான். ரோஸ் அட்டைக்கு ரெண்டு தடவை எழுதிக் கொடுத்திருக்கேன்."

"எனக்குத் தெரியும். உங்க மகளால இந்தப் பள்ளிக்கே பெருமை. ஆனா டாக்டர், எஞ்சினியர் படிப்புக்கெல்லாம் பெத்தவங்க முழுக் குடிமக்களா இருக்கணும், அட்டை ரோஸா இருக்கணும். கணக்கு எடுக்கலாம், தபால்ல படிக்கலாம், அதுக்குத் தடையில்ல." அவர் அட்டையை இரண்டு கையாலும் அப்பாவிடம் திருப்பிக் கொடுத்தார். "கடைசித் தேதிக்கு இன்னும் பத்து நாள் இருக்கு. ஏதாவது காகிதம் கிடைச்சா கொண்டாங்க. அதுவரைக்கும் இது என் மேசையிலேயே இருக்கட்டும்."

அவர் எனக்கு ஒரு மிட்டாய் கொடுத்தார். அதனால் அந்த நாளை ஒரு நல்ல நாளாகத்தான் நான் வைத்திருந்தேன். பள்ளியில் சில பிள்ளைகள் எங்களைக் 'கலா' என்பார்கள். அது நிறத்தைச் சொல்வது என்று நினைத்து, தினமும் காலையில் கன்னத்தில் தனாக்கா மரப்பட்டை அரைத்த சாந்தை அடை மாதிரி அப்பிக்கொண்டு போவேன். வெளியிலிருந்து வந்தவர்கள் என்றும் அதற்கு ஓர் அர்த்தம் இருப்பது எனக்குத் தெரியாது. பச்சை, ரோஸ் என்று அவர்கள் பேசியபோது, ரோஸ்தான் அழகு, அப்பா ஏன் அதை வாங்கவில்லை என்று மட்டும் யோசித்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பெரியப்பா வந்தார். மூன்று மாடி ஏறிய மூச்சு அடங்கும் முன்பே விஷயத்தைச் சொல்லிவிட்டார்.

"எங்கிட்டதான் ரோஸ் அட்டை இருக்கே. ஒன் குடும்பப் பட்டியல்லேருந்து புள்ளயோட பேர எடுத்து என் பட்டியல்ல சேத்துருவோம். ஆபீஸ்ல ஆளு இருக்கு, நாலு நாள்ல முடிச்சுத் தர்றேன்னுட்டான். எம் மகளாப் போயி விண்ணப்பம் போடட்டும்."

அம்மா அடுக்களை வாசலிலேயே நின்றுவிட்டாள். அக்காதான் கேட்டாள்.

"அப்பா கையெழுத்துப் போடணுமா பெரியப்பா?"

"போடாம எப்படி? 'இது எம் மக இல்ல, எங்கண்ணன் மக, நான் வளத்தேன்'னு ஒங்கப்பன் ஒரு காகிதம் எழுதித் தரணும். யாராச்சும் விசாரிக்க வருவான், அதனால ரெண்டு மூணு மாசம் நீ நம்ம வீட்டுலதான் இருக்கணும். அதுக்கென்ன, ஒனக்கு அந்த வீடு புதுசா?"

பெரியப்பா கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அவருக்குத் தெரிந்த வழியெல்லாம் இப்படித்தான் இருக்கும். அதில் எப்போதும் ஓர் ஆபீசும் அந்த ஆபீசில் ஓர் ஆளும் இருப்பார்கள்.

அப்பா வெகுநேரம் பாயின் ஓரத்தைப் பிய்த்துக்கொண்டிருந்தார். பிறகு நிமிர்ந்து அக்காவைப் பார்த்துச் சிரித்தார்.

"டாக்டரானதும் வாசல்ல போர்டு மாட்டுவாங்கள்ல? அதுல ஒம் பேருதானம்மா இருக்கும். தகப்பன் பேரயா எழுதப் போறாங்க? சரிண்ணே, செஞ்சிருவோம்."

அக்கா அப்பாவின் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இத்தனை பேச்சில் எனக்கு எட்டியது ஒன்றே ஒன்றுதான்: அக்காவைப் பெரியப்பாவுக்குக் கொடுக்கப் போகிறார்கள்.

குடும்பப் பட்டியல் என்பது அரசாங்கம் கொடுத்த, நான்காக மடித்த ஒரு பெரிய தாள். அம்மாவின் டிரங்குப் பெட்டியில், கல்யாணப் புடவைக்கு அடியில் இருக்கும். முதல் வரியில் அப்பா, இரண்டாவதில் அம்மா, மூன்றாவதில் அக்கா, நான்காவதில் நான். மறுநாள் காலையில் அம்மா தண்ணீர் பிடிக்கக் கீழே போயிருந்தபோது அதை எடுத்து, என் பர்மிய வாசகப் புத்தகத்துக்குள் வைத்துப் பள்ளிக்குக் கொண்டுபோய்விட்டேன். வீட்டில் எங்கே ஒளித்தாலும் அம்மா கண்டுபிடித்துவிடுவாள். வீட்டிலேயே இல்லாத ஒன்றை எப்படிக் கண்டுபிடிப்பாள்? என் வாழ்க்கையில் நான் தீட்டிய திட்டங்களில் அதுதான் மிகச் சிறந்தது என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

அன்று சாயங்காலம் தேடல் தொடங்கியது. அம்மா பெட்டியைக் கவிழ்த்தாள். அப்பா அரிசி டின்னுக்குள் கைவிட்டுப் பார்த்தார். சாமிப் படங்களைக்கூடச் சுவரிலிருந்து இறக்கினார்கள். நான் வாசலில் உட்கார்ந்து உரக்கப் பாடம் படித்தேன். தாள் இருந்த புத்தகத்தையே மடியில் வைத்துக்கொண்டு.

மூன்றாம் நாள் மழை என் திட்டத்தில் புகுந்தது. பள்ளியிலிருந்து தொப்பலாக நனைந்து வந்தேன். அம்மா வீட்டில் இல்லை. அக்கா என் தலையைத் துவட்டிவிட்டு, புத்தகங்களைக் காயவைக்கப் பையைக் கொட்டினாள். தாள் வெளியே வந்து விழுந்தது. அதன் ஒரு மூலையில் புத்தக அட்டையின் நீலச்சாயம் இறங்கியிருந்தது.

அக்கா கத்துவாள் என்று காத்திருந்தேன். அவள் தாளைப் பிரித்துத் தரையில் விரித்தாள். ஒவ்வொரு வரியாக விரலை ஓட்டி வாசித்தாள். மூன்றாவது வரியில் நிறுத்தினாள்.

"ஏண்டி எடுத்தே?"

"நீ பெரியப்பா மகளாயிருவ. அப்பறம் இங்க வரமாட்ட."

அவள் என்னை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். ஈரத் தலையோடு எவ்வளவு நேரம் இருந்தேன் என்று தெரியாது. பிறகு தாளைத் துணியில் ஒற்றி எடுத்து, பாலித்தீன் உறையில் போட்டு, தன் இயற்பியல் நோட்டுக்குள் வைத்தாள்.

"நான் சொல்ற வரைக்கும் வாயத் திறக்கப்படாது. அப்பாகிட்டயும் சொல்லக்கூடாது. சரியா?"

எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. அடி விழாமல் அக்கா என்னைக் காப்பாற்றிவிட்டாள், அதோடு என் கட்சியிலும் சேர்ந்துவிட்டாள். அன்று சாயங்காலம் அப்பா மறுபடியும் தேடியபோது அவளும் சேர்ந்து தேடினாள். பாயைத் தூக்கி உதறினாள். அலமாரிக்குப் பின்னால் விளக்குமாற்றை விட்டுத் துழாவினாள். அவள் நடிப்பைப் பார்த்து எனக்குச் சிரிப்பு முட்டியது. தலையணையை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டேன்.

நாட்கள் போய்விட்டன. பெரியப்பா வந்து அப்பாவை நிற்க வைத்துத் திட்டினார். "ஒரு காகிதத்தப் பத்திரமா வெச்சுக்கத் தெரியல, நீயெல்லாம் என்னடா குடும்பஸ்தன்? நகல் வாங்க மாசக்கணக்கா ஆகும். அந்த ஆளு அடுத்த வாரம் வேற ஊருக்குப் போறான்." அப்பா தலையைக் குனிந்துகொண்டு, "என் தப்புதாண்ணே" என்றார். அக்கா அப்போது அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். பொறுக்கிய அரிசியையே திரும்பத் திரும்பப் பொறுக்கினாள்.

கடைசித் தேதிக்கு முந்தின நாள் அவள் தனியாகப் பள்ளிக்குப் போனாள். சயாமாவிடம் அளவுகோல் வாங்கி, மருத்துவம் என்று எழுதியதன்மேல் தானே நேராக ஒரு கோடு போட்டுவிட்டு, கீழே கணக்கு என்று எழுதிக் கொடுத்தாளாம். சயாமா வெகுகாலம் கழித்து அம்மாவிடம் சொன்னது.

அதற்கு அடுத்த வாரம் தாள் 'கிடைத்தது'. அரிசி டின்னுக்கும் சுவருக்கும் நடுவில் கிடந்ததாக அக்கா கொண்டுவந்து நீட்டினாள். அப்பா அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். நீலக்கறையைப் பார்த்தார். சுவர் ஓரத்தில் சொட்டு ஈரம்கூடக் கிடையாது. என்னை ஒரு முறை பார்த்தார், அக்காவை ஒரு முறை. "சரி, கிடைச்சுதே" என்று சொல்லி, தானே கொண்டுபோய்ப் பெட்டியில் வைத்தார்.

அந்த மழைக்காலத்திலேயே பெரியப்பா மகள் மேல்படிப்புக்குச் சிங்கப்பூர் போனாள். போகும்போது கைடு எழுதிக் கொடுத்த நோட்டுகள் முழுவதையும் ஒரு பெட்டியில் கட்டி எங்கள் வீட்டுக்கு அனுப்பினாள். அதை வைத்துக்கொண்டுதான் அக்கா டியூஷன் தொடங்கினாள். முதலில் நான்கு பேர் வந்தார்கள், பிறகு பன்னிரண்டு, பிறகு படிக்கட்டெல்லாம் செருப்பு. பர்மியப் பிள்ளைகள், சீனப் பிள்ளைகள், நம்முடைய பிள்ளைகள் எல்லோரும் எங்கள் ஒற்றை அறையில் முட்டி இடிக்க உட்கார்ந்து ஒரே குரலில் படிப்பார்கள். அம்மா பெரிய கெண்டியில் வெறுந்தேநீர் போட்டு வைப்பாள். நான் எல்லோருக்கும் நடுவில், டீச்சரின் தங்கை என்ற பதவியோடு, சாக்பீஸ் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அதைவிட நல்ல வருடங்கள் எனக்கு வாய்த்ததில்லை. அக்கா எங்கேயும் போகவில்லை. அக்காவைத் தேடி ஊரே எங்கள் வீட்டுக்கு வந்தது. அதற்குக் காரணம் நான்தான் என்ற கர்வம் வேறு.

நான் ஒன்பதாம் வகுப்பு படிக்கும்போது அப்பாவுக்கு ரோஸ் அட்டை வந்தது. பெரியப்பாதான் பின்னாலேயே அலைந்து வாங்கிக் கொடுத்தார். நான் எஞ்சினியரிங் படித்தேன். அக்கா அதற்குள் தபாலில் கணக்குப் பட்டம் வாங்கி, எனக்கும் என்னைப்போல இன்னும் எத்தனையோ பேருக்கும் சொல்லிக் கொடுத்திருந்தாள். அன்றைக்கு அந்தத் தாளை அப்பாவிடம் ஏன் கொடுக்கவில்லை என்று அவளிடம் நான் இதுவரை கேட்டதில்லை. 'இது என் மகள் இல்லை' என்று எழுதிய காகிதத்தில் எங்கள் அப்பா கையெழுத்துப் போட்டிருப்பார். சிரித்துக்கொண்டே போட்டிருப்பார். அதை நானே கண்டுபிடிக்க எனக்கு ஒரு பிள்ளை பிறக்க வேண்டியிருந்தது.

டியூஷன் தொடங்கிய மறுவருடம் கீழ்வீட்டுப் பர்மியம்மாவின் மகன் தேறினான். நான்கு டி. மருத்துவத்தில் இடம் கிடைத்துவிட்டது. செய்தி வந்த அன்று பகலில் தாயும் மகனும் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு மேலே வந்தார்கள். அவன் அக்காவின் முன்னால் மண்டியிட்டு, அவர்கள் வழக்கப்படி மூன்று முறை தரையில் நெற்றி பட வணங்கினான். அக்காவுக்கு அவனைவிட இரண்டு வயதுதான் அதிகம். அவள் நேராக உட்கார்ந்து, நல்ல டாக்டராக வரணும் என்று பர்மியத்தில் வாழ்த்தினாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

பிறகு, தேநீர் கொண்டுவருகிறேன் என்று உள்ளே போனாள். போனவள் வரவில்லை. விருந்தாளிகள் காத்திருக்க, அம்மா என்னைத் தள்ளிவிட்டாள். அடுக்களையில் கோப்பைகளில் தேநீரை ஊற்றித் தட்டில் வைத்துவிட்டு, சன்னலைப் பார்த்தபடி அக்கா நின்றாள்.

"அக்கா, அவங்க காத்துக்கிட்டு இருக்காங்க" என்றேன்.

அவள் திரும்பவில்லை. "ரொம்பச் சூடா இருக்குடி. கொஞ்சம் ஆறட்டும், வர்றேன்."

நான் ஒரு கோப்பையில் விரலை வைத்துப் பார்த்தேன்.

"ஆறி ரொம்ப நேரம் ஆச்சுக்கா" என்றேன், அவளுக்குத் தெரியாத ஒன்றைச் சொல்லிக்கொடுக்கிறவளைப்போல.