அந்தோனி அண்ணன் எழுதிய வரிசை

ஹட்டன் பஸ் நிலையத்தில் நுவரெலியா பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தபோது அந்தோனி அண்ணனின் மகள் ஸ்டெல்லாவின் அழைப்பு வந்தது. ஏப்ரல் குதிரைப் பந்தய சீசனுக்கு இரண்டு வாரம் இருந்தது. அண்ணனைப் பார்க்கத்தான் நானும் புறப்பட்டிருந்தேன். "டீச்சர், அப்பா போயிட்டாங்க. டீ குடிச்சிட்டு கதிரையில உட்கார்ந்தாங்க, அவ்வளவுதான்" என்றாள். பஸ் வந்தது. ஏறுவதா வேண்டாமா என்று ஒரு கணம் தெரியவில்லை. பிறகு ஏறிக்கொண்டேன். எப்படியும் பார்க்கப் போவது அவரைத்தானே.

பந்தயத் திடலில் அவரைத் தெரியாதவர்கள் குறைவு. தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டில் பிறந்து, குதிரை லாயத்தில் நரைத்த மனிதர். குதிரைகளைப் பராமரிப்பது அவர் வேலை. அதோடு சீசனின் முதல் ஓட்டத்துக்கு, அந்த ஆயிரம் மீட்டர் குறுகிய ஓட்டத்துக்கு, எந்த இளங்குதிரை எப்படி வரும் என்று எங்கள் சிறு வாரப் பத்திரிகைக்குக் கணித்துத் தருவார். எழுதியது நான். கணக்கு டீச்சருக்குக் குதிரையில் என்ன வேலை என்று கேட்காதவர்கள் இல்லை. பத்திரிகை ஆசிரியருக்கு வேறு ஆள் கிடைக்கவில்லை என்பதுதான் உண்மை. முதல் நாள் நான் குடையும் கைப்பையுமாகப் போய் நின்றதைப் பார்த்து, "யாரு வீட்டுப் பிள்ளைக்கு டியூஷன் சொல்ல வந்தீங்க?" என்றார். எனக்கு வந்த கோபத்தில் திரும்பிப் போயிருப்பேன். அதற்குள் டீ வந்துவிட்டது.

எல்லோரும் குதிரைகள் ஓடும்போது பார்ப்பார்கள். அவரோ அவை ஓடி முடித்த பிறகுதான் பார்ப்பார். விடியற்காலைக் குளிரில் நிற்கும் குதிரையின் மூக்கிலிருந்து வெள்ளை ஆவி வரும். அது எத்தனை தடவை வந்து அடங்குகிறது என்று விரல் மடக்கி எண்ணுவார். சீக்கிரம் அடங்கினால் முன்னுக்கு, இழுத்துக்கொண்டே போனால் பின்னுக்கு. 'ஆவி எண்ணுற அந்தோனி' என்று மற்றவர்கள் கேலி செய்வார்கள். கீழ்நாட்டிலிருந்து லொறியில் ஏற்றிவரும் குட்டிகளைப் பற்றி அவர் சொன்னதை நான் அப்படியே குறித்து வைத்திருக்கிறேன். "கீழ கினிகத்தேனையில இருந்து கட்டிக்கிட்டு வந்த மருமக, மொத நாள் கொழுந்துக் கூடையோட எங்க மலை ஏறுறதப் பார்த்திருக்கீங்களா டீச்சர்? காலு நல்லாத்தான் போகும். மூச்சு வராது. அது பழகணும். குதிரையும் அப்படித்தான்."

இன்னொரு பழக்கமும் அவருக்கு உண்டு. கணிக்கும் காலையில் குதிரைகளின் பெயரை யாரும் சொல்லக்கூடாது. உரிமையாளர் பெயரைப் பற்றியும் மூச்சு விடக்கூடாது. லாயத்து இலக்கமும் நிறமும் மட்டும்தான். "பேரச் சொன்னீங்கன்னா பாசம் வந்துரும். அப்புறம் கண்ணு வேலை செய்யாது" என்பார். அவரே தீனி வைத்து வளர்க்கும் குதிரையைக்கூட அன்று மட்டும் நாலாம் இலக்கம், ஏழாம் இலக்கம் என்றுதான் சொல்வார். எனக்குச் சிரிப்பாக இருக்கும்.

அடக்கத்துக்கு முன்பு அவர் வீட்டு முற்றத்தில் எல்லோரும் அவரைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தார்கள். பழைய ஜாக்கி ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "இத்தன வருசத்துல ஒரே ஒருக்காத்தான் அண்ணன் கண்ணு தப்புச்சு. அந்தச் செவலைக் குட்டி விசயத்துல." சுற்றியிருந்தவர்கள் அன்போடு தலையாட்டினார்கள். நானும் அங்கேதான் இருந்தேன். வாய் திறக்கவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

அவரை அறிந்த உங்களுக்கெல்லாம் அந்தச் செவலையை நினைவிருக்கும். ஒன்பது வருடத்துக்கு முந்தைய சீசன். பெண் குதிரை, நெற்றியில் வெள்ளைப் பொட்டு. அவர் கையிலிருந்துதான் தின்னும், வேறு யார் கொடுத்தாலும் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். கீழ்நாட்டிலிருந்து வந்து மூன்று வாரம்கூட ஆகவில்லை. அதன் முதலாளி ஹட்டனில் கடை வைத்திருந்தவர். "மொத ஓட்டத்துக்கு லாயக்கில்லன்னா வித்துட்டு வேற வேலையப் பார்ப்பேன்" என்று என் முன்னாலேயே சொன்னார். அண்ணனின் முகம் சுருங்கியதை நான் பார்த்தேன்.

அந்த வாரம் அவர் தந்த துண்டுச் சீட்டில் செவலை ஆறாவது. கடைசி. எனக்கு மனம் கேட்கவில்லை. காலை ஓட்டத்தை நான் கைக்கடிகாரத்தில் பார்த்திருந்தேன், பாதித் தூரத்தில் மற்ற எல்லாவற்றையும்விட அதுதான் வேகம். தான் பிள்ளைபோல் வளர்ப்பது என்பதால், பாசம் காட்டிவிடக்கூடாதென்று வேண்டுமென்றே குறைத்துப் போடுகிறார் என்று நினைத்தேன். இரண்டாவது என்று அச்சில் வந்தால் முதலாளி விற்க மாட்டார், குட்டி அண்ணனிடமே இருக்கும் என்றும் நினைத்தேன். பாசம் பாதி, என் கணக்கு மேல் இருந்த திமிர் பாதி. பக்கத்தில் அவர் எழுதியிருந்த குறிப்பை விட்டுவிட்டு, ஆறை இரண்டாக்கி அச்சுக்குக் கொடுத்தேன். கீழே வழக்கம்போல 'கணிப்பு: அந்தோனி' என்று போட்டேன்.

பத்திரிகை வந்த நாளில் அவர் வலப்பனையில் அக்கா மகள் கல்யாணத்தில் இருந்தார். முதலாளி பத்திரிகையைப் பார்த்தார், அந்தோனியே சொல்லிவிட்டார் என்று செவலையை ஓட்டத்தில் சேர்த்துவிட்டார். செவலை ஓடப்போகிறது என்று கேள்விப்பட்டு அண்ணன் மறுநாள் கல்யாணச் சட்டையோடு திடலுக்குள் ஓடி வந்தபோது குதிரைகள் புறப்பட்டுவிட்டன. பாதித் தூரம் செவலைதான் முன்னால். பிறகு யாரோ பிடித்து இழுத்ததுபோல் பின்னால் போனது. கடைசியாக வந்து நின்றபோது மூக்கில் இரத்தம்.

எல்லோரும் அவரைச் சூழ்ந்துகொண்டார்கள். "என்னண்ணே, ரெண்டாவதுன்னு எழுதிட்டீங்களே?" அவர் பத்திரிகையை வாங்கிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். ஒரே ஒரு பார்வைதான். "என் கண்ணு தப்பிருச்சு" என்று அவர்களிடம் சொல்லிவிட்டு, ஈரத் துணியோடு குதிரையிடம் போனார்.

செவலை பிழைத்தது. அதற்குப் பிறகு ஓடவில்லை. முதலாளி விற்றுவிட்டார், ஏரிக்கரையில் சுற்றுலாக்காரர்களைச் சுமந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் பூசை முடிந்து அண்ணன் அதற்குத் தின்ன கரட் கிழங்கோடு அங்கே போவார். நான் மன்னிப்புக் கேட்கப் போனபோது பேசவே விடவில்லை. "பேப்பருல இருக்கிறது என் பேருதானே. டீ ஆறுது, குடிங்க" என்றார். என் பிழையை அவர் பெயரில் சுமந்துகொண்டார், நான் சுமக்க விட்டேன். வெட்கமாக இருக்கிறது.

அவர் கடிந்துகொண்டது ஒரே விதத்தில்தான். அடுத்த சீசனிலிருந்து ஒவ்வொரு முறையும் தொலைபேசியில் அழைத்து, "அச்சுக்குப் போறதுக்கு முன்னாடி ஒருக்கா வாசிங்க டீச்சர்" என்பார். நான் முதலாவதிலிருந்து கடைசி வரை வாசிப்பேன். "சரி" என்று ஒரு சொல் வரும். எட்டு சீசன் அப்படி வாசித்தேன்.

அந்தத் துண்டுச் சீட்டு என்னிடம் இருக்கிறது. அவரிடமிருந்து நான் வைத்திருப்பது அது ஒன்றுதான். மற்ற ஐந்து குதிரைகளும் அன்று அதில் இருந்தபடியேதான் வந்தன. ஓட்டம் முடிந்த மாலையே ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, ஒன்பது வருடம் யாரிடமும் சொல்லாமல் இருந்தேன். இந்த முறை அச்சுக்குப் போகுமுன் வாசிக்கச் சொல்ல ஆள் இல்லை. இருந்தாலும் வாசிக்கிறேன், அண்ணே. கடைசி வரி, உங்கள் கையெழுத்தில் உள்ளபடி:

"ஆறாவது, நாலாம் இலக்கம், செவலை. நல்ல குட்டி. மூச்சு இன்னும் மலைக்கு வரல. இந்தத் தடவ ஓட வேணாம்."